ஒளி விளையும் நிலம்

பாக்கு நீரிணையின் கரையில், புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கோடியை ஒட்டி அமைந்த ஊர் மீமிசல். கிழக்குக் கடற்கரைச் சாலை அவ்வூரின் வழியே செல்கின்றது. ஒருபால் அலையடங்கிய ஆழமில்லாக் கடல். மற்றொருபால் வெண்மை போர்த்த உப்பளங்கள். நண்பகலில் அவ்வழியே செல்வோர் கண் கூசாமல் அந்நிலத்தை நோக்குதல் அரிது. மேலிருந்து எறிக்கும் வெயிலும் கீழிருந்து மீளும் ஒளியும் ஒன்று கூடி அங்கே நின்று எரிவது போலத் தோன்றும்.

ஊரின் பெயர் தமிழாசிரியர்களுக்கு ஓர் இலக்கணத்தை நினைவூட்டும். ‘மீ’ என்பதும் ‘மிசை’ என்பதும் மேல் என்னும் ஒரு பொருளையே தருவன. இவ்வாறு ஒரு பொருளைக் குறிக்கும் இரு சொற்கள் அடுத்து வருவதை ஒருபொருட்பன்மொழி என்பர். மீமிசைச்சொல் என்று கூறுதலும் உண்டு. அதற்கு நூல்களிலே காட்டப்பெறும் எடுத்துக்காட்டு ‘மீமிசை ஞாயிறு’ என்பது. மீமிசல் என்னும் ஊர்ப்பெயருக்கும் இதற்கும் உறவு உண்டோ இல்லையோ, அவ்வாராய்ச்சி இங்கு நமக்கு வேண்டுவதன்று. ஆயினும் அவ்வூரார்க்குத் தலைக்கு மேலுள்ள ஞாயிறே உழவனாகவும் ஏராகவும் இருந்து வருவதை எவரும் மறுக்கமாட்டார்.

உப்பு விளையும் முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடல்நீரைப் பாத்திகளிலே தேக்குகின்றனர். பின்னர் மனிதன் செய்வது மிகக் குறைவு. ஞாயிறு நீரைக் கவர்ந்து கொள்கிறது. காற்று அதற்குத் துணை செய்கிறது. சில நாட்களில் உப்பு பூத்துக் கிடக்கிறது. அவ்வுப்பை வாரிக் குவிக்கும் உழைப்பாளிகளின் கால்களைக் கண்டவர்கள், ஞாயிறு தரும் கொடை முற்றிலும் விலையில்லாதது என்று சொல்லத் துணியார். எனினும் நிலக்கரியின்றி, விறகின்றி, எண்ணெயின்றி இத்துணைப் பெரிய அளவில் ஒரு பொருளை ஆக்குவது வியப்பன்றோ? அடுத்த ஆண்டும் அதே கடலும் அதே வெயிலும் அங்கே இருக்கும். எடுக்க எடுக்கக் குறையாத இவ்வகை ஆற்றலையே அறிஞர் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்கின்றனர். நீரின் வீழ்ச்சி, காற்றின் ஓட்டம், ஞாயிற்றின் ஒளி என்பன அதனுள் அடங்கும்.

தமிழ்நாட்டிலே இவ்வாற்றல் பெரும்பணியாக உருவெடுத்த வரலாறு நீலமலையிலே தொடங்குகிறது. பைக்காரா ஆற்றின் நீரை ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து குழாய்களின் வழியே இறக்கி, அடிவாரத்தில் உள்ள சிங்காராவில் பொறிகளைச் சுழற்றி, 1932-ஆம் ஆண்டில் மின்சாரம் எடுத்தனர். அம்மின்சாரம் கோயம்புத்தூரை அடைந்த பின் அந்நகரத்தில் பஞ்சாலைகள் பெருகின; கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கமலை இறைத்த மாடுகள் ஓய்வு பெற்றன. மேட்டூர் அணையில் 1937-ஆம் ஆண்டிலும், பொருநை பாயும் பாபநாசத்தில் 1944-ஆம் ஆண்டிலும் மின்சாரம் பிறந்தது.

அக்காலத்து மக்கள் இவற்றை வெறும் கட்டடங்களாகக் கருதவில்லை. ஆடிப் பெருக்கன்று மேட்டூரில் கூடும் கூட்டத்தை நோக்கினால் இது விளங்கும். மூதாட்டியர் அணையைக் கண்டு கைகூப்பினர்; சிறுவர்கள் மதகுகளை எண்ணினர். 1954-ஆம் ஆண்டில் பக்ரா நங்கல் பணியிடத்திற்குச் சென்ற பண்டித நேரு, மக்கள் நலத்தின் பொருட்டு மனிதர் உழைக்கும் அத்தகைய இடங்களே இக்காலத்துக் கோயில்கள் என்னும் கருத்துப்படப் பேசினார். அப்பேச்சைப் பலரும் அறிவர். ஆனால் அவரே 1958-ஆம் ஆண்டில், பெரியனவற்றைப் பெருமைக்காகவே செய்ய விரும்புவது ஒரு நோய் என்று பொறியாளர் அவையிலே எச்சரித்ததைச் சிலரே அறிவர். முன்னதை மட்டும் பாடநூல்களில் எழுதிப் பின்னதை விட்டுவிடுவது முறையன்று என்பது என் எண்ணம்.

நீருக்கு அடுத்துக் காற்று வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்திற்கு ஒரு மதில் போன்றது. அம்மதிலில் நான்கு வாயில்கள் உண்டு: பாலக்காட்டுக் கணவாய், கம்பம் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் என்பன அவை. தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாயில்களிலே நெருக்குண்டு விரைந்து புகும். 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடிப் பகுதியில் ஆராய்ச்சிக்கென நடப்பட்ட காற்றாடிகள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட் ஆற்றலுடையன. இன்று நடப்பெறும் காற்றாடி ஒன்று 3,000 கிலோவாட்டுக்கு மேலும் தர வல்லது. பழைய காற்றாடிகள் ஐம்பத்தைந்து செய்த பணியை இப்போது ஒன்றே செய்கிறது! ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் அவை காடு போல் நிற்பதைக் குமரிக்குச் செல்லும் எவரும் காணலாம். தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

இனி, மீமிசலுக்கு அண்மையில் நிகழ்ந்த பெரும்பணிக்கு வருவோம். கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம் என்னும் ஊர்கள் வரும். இராமநாதபுரத்திலிருந்து மேற்கே முதுகுளத்தூரைக் கடந்தால் கமுதியை அடையலாம். அது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒருபோகம் நெல்லோ மிளகாயோ விளையும்; நிறையாவிடில் சீமைக் கருவேலமே விளைவு. அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு வாழ்வோர் அங்கே பலர். வெயில் ஒன்றுதான் அந்நாட்டில் ஆண்டுதோறும் தவறாமல் விளைந்தது. அதனை விலைப்படுத்தும் வழியை எவரும் நெடுங்காலம் கண்டிலர்.

2015-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அதானி நிறுவனத்திற்கும் தமிழ்நாடு மின்வாரியத்திற்கும் இடையே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. கமுதியை அடுத்த செங்கப்படையில், ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில், 648 மெகாவாட் திறனுடைய சூரிய மின்நிலையம் அமைப்பது என்பது முடிவு. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது முழுமையாக இயங்கத் தொடங்கியது. கட்டுமானத்திற்குச் சென்ற காலம் எட்டுத் திங்களே. 8,500 பேர் அப்பணியில் ஈடுபட்டனர். நாளொன்றுக்குச் சராசரி 11 மெகாவாட் அளவிற்குப் பலகைகள் நிறுவப்பட்டன என்பர்.

அங்கே நாட்டப்பட்ட அடித்தூண்களின் எண்ணிக்கை 3,80,000. அவற்றின்மீது சாய்வாகப் பொருத்தப்பட்ட பலகைகள் 25 இலட்சம். பலகை ஒன்றின் திறன் ஏறத்தாழ 260 வாட்டு. நம் வீட்டு மின்விசிறிகள் மூன்று நான்கினைச் சுழற்றும் அளவு. இத்துணைச் சிறிய ஒன்று 25 இலட்சம் முறை பெருகியதாலன்றோ அத்துணைப் பெரிய நிலையம் ஆயிற்று! அவற்றை இணைக்கும் கம்பிகளின் நீளம் 6,000 கிலோமீட்டர். குமரியிலிருந்து காச்மீரம் வரை சென்று திரும்பும் தொலைவுக்குச் சற்றே குறைந்தது எனலாம். பலகைகளிலே தூசி படிந்தால் ஒளி உள்ளே புகாது. ஆதலால் அவற்றைத் துடைப்பதற்குத் தாமே நகரும் பொறிகளை அமைத்துள்ளனர். அப்பொறிகளும் ஞாயிற்றின் ஒளியைக் கொண்டே இயங்குகின்றன. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் 550 மெகாவாட் திறனோடு விளங்கிய நிலையத்தை விஞ்சி, ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களுள் உலகிலேயே பெரியது என்னும் பெயரைக் கமுதி அப்போது பெற்றது. பின்னர் இராசசுத்தானத்துப் பட்லாவிலும் கருநாடகத்துப் பாவகடாவிலும் 2,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரியப் பூங்காக்கள் எழுந்தன. முதன்மைப் பட்டம் இவ்வாறு கைமாறுவது இயல்பே. அதனால் கமுதியின் பணி சிறிதும் குறைந்துவிடாது.

ஒளி எவ்வாறு மின்சாரம் ஆகிறது என்று மாணவர்கள் வினவுவர். மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிலிக்கன் என்னும் தனிமத்தை மெல்லிய தகடுகளாக அறுத்து, தகட்டின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு பொருள்களை மிகச் சிறிதளவு கலக்கின்றனர். ஒளி அத்தகட்டின்மேல் படும்போது அதனுள்ளே உள்ள எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. கலப்பின் வேறுபாடு அவற்றை ஒரு திசையிலே செலுத்துகின்றது. அவ்வோட்டமே மின்சாரம். சுழலும் உருளை இல்லை, புகை இல்லை, ஓசையும் இல்லை. ஒளி எலெக்ட்ரானை விடுவிக்கும் இயல்பினை 1905-ஆம் ஆண்டில் விளக்கியவர் ஐன்ஸ்டைன். 1921-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவ்விளக்கத்திற்காகவே அவருக்கு வழங்கப்பட்டது. சிலிக்கனால் ஆன பயன்தரு மின்கலம் 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது உள்ளம் விம்முகிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டினை நாம் கருத வேண்டும். மேட்டூர் அணையை ஏழை எளியவர் எவரும் சென்று காணலாம். அதன் நீர் தம் வயலுக்கு வந்து சேர்வதையும் காணலாம். கமுதியின் நிலையமோ வேலிக்கு உட்பட்டது. தரையோடு ஒட்டிக் கிடப்பதால், வானூர்தியிலிருந்து எடுத்த படத்தில்தான் அதன் முழுமை தெரியும். வேலிக்கு வெளியே நிற்கும் ஆட்டிடையன் காண்பது நீலப் பலகைகளின் ஓரத்தையே. அதில் விளையும் மின்சாரம் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தின் வழியே மாநிலத்தின் பொதுத் தொகுப்பிலே கலந்துவிடுகிறது. தன் வீட்டு விளக்கில் எரிவது கமுதியின் ஒளியா, நெய்வேலியின் கரியா என்று அவ்வூரான் அறிய வழியில்லை. கண்ணால் காணாததும் கைக்கு எட்டாததும் ஆகிய ஒன்றினால் மக்கள் எவ்வாறு ஊக்கம் பெறுவர்?

நிலத்தைப் பற்றியும் எண்ண வேண்டும். நிலமுடையவன் நிலத்தை விற்றுப் பொருள் பெறுகிறான். அதே நிலத்தில் களை எடுத்தும் விறகு வெட்டியும் ஆடு மேய்த்தும் பிழைத்தவனுக்கு விற்பனைப் பத்திரத்தில் இடமில்லை. கட்டுமானக் காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை உண்டு. பணி முடிந்தபின் பலகைகளைக் காக்கச் சிலரே போதும். பாவகடாவில் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். அங்கே ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலத்தை உழவரிடமிருந்து விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 21,000 ரூபாய் எனத் தொடங்கிக் காலந்தோறும் உயரும் குத்தகைக்கு எடுத்தனர். நிலம் உழவன் பெயரிலேயே இருக்கிறது. மழை பொய்த்தாலும் குத்தகை பொய்ப்பதில்லை. விற்று விடுவதினும் இது மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் நிலமற்ற கூலியாளின் குறை அங்கும் தீர்ந்ததாகச் சொல்வதற்கில்லை.

விலையைப் பற்றியும் ஒரு சொல். கமுதி மின்சாரத்தை ஓர் அலகு 7 ரூபாய் 1 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்குவது என்பது ஒப்பந்தம். 2017-ஆம் ஆண்டு மே திங்களில் பட்லாவில் ஏலம் நடந்தபோது ஓர் அலகு 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கிவிட்டது. புதிய தொழிலில் முதலில் இறங்குவோர் மிகுதியாகக் கொடுப்பதும், பின் வருவோர் குறைவாகக் கொடுப்பதும் எங்கும் உள்ளதே. முன்னவர் கொடுத்த விலையினால்தான் பின்னவர்க்கு விலை குறைந்தது என்று சிலர் கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த விலையைக் கொடுப்பது மின்வாரியம் என்று நாம் சொன்னாலும், முடிவில் கொடுப்பவர் மின்கட்டணம் செலுத்தும் நம்மனோரே.

இவ்விடத்தில் மிகச் சிறிய ஒரு முயற்சியைக் கூறுதல் தகும். கோயம்புத்தூர் மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்து ஓடந்துறை என்றோர் ஊராட்சி உண்டு. தெருவிளக்கிற்கும் குடிநீர்ப் பொறிகளுக்கும் ஆகும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதைக் கண்ட அவ்வூரார், ‘நாமே ஏன் மின்சாரம் ஆக்கக் கூடாது?’ என்று எண்ணினர். ஊராட்சியின் சேமிப்பு 40 இலட்சம் ரூபாய். வங்கியில் கடன் 1 கோடியே 15 இலட்சம். இவற்றைக் கொண்டு 2006-ஆம் ஆண்டில் உடுமலைப்பேட்டையை அடுத்த மைவாடியில் 350 கிலோவாட் திறனுடைய காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரிலேயே நிறுவினர். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 6,75,000 அலகு மின்சாரம் தந்தது. ஊரின் தேவை 4,50,000 அலகு. எஞ்சியதை மின்வாரியத்திற்கு விற்று, அவ்வருவாயைக் கொண்டு கடனை அடைத்தனர்.

கமுதியின் 648 மெகாவாட்டோடு நோக்க 350 கிலோவாட் எம்மாத்திரம்? கடலும் கைக்குடமும் போன்றதே. எனினும் அச்சிற்றூரைக் காண அயல்நாட்டார் உட்படப் பலர் தேடி வந்தனர். அவர்கள் காண வந்தது காற்றாடியை அன்று. அத்தகைய காற்றாடி அந்நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. கடன் வாங்கவும், கணக்கு வைக்கவும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறும் ஊராட்சி மன்றத்தில் ஒரு நீண்ட பணியைக் கைவிடாமல் நடத்தவும் துணிந்த மனிதரையே காண வந்தனர். தெருவிளக்கு எரியும்போது ‘இது எங்கள் காற்றாலையின் விளக்கு’ என்று அவ்வூர்ச் சிறுவன் சொல்ல முடிந்தது.

இவற்றிற்கெல்லாம் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் கூடாது. ஞாயிறு மாலையில் மறைகிறது. விளக்குகள் ஏற்றப்படுவதும் அப்போதே. காற்றும் ஆனி ஆடியில் வீசுவது போல் தையில் வீசாது. பகலில் மிஞ்சிய ஆற்றலை இரவுக்குச் சேர்த்து வைப்பது எப்படி? இதற்கும் மலைகளே ஒரு வழி காட்டுகின்றன. ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறையில் மேலும் கீழுமாக இரு நீர்த்தேக்கங்கள் உள்ளன. மின்சாரம் மிகுந்த வேளையில் கீழே உள்ள நீரை மேலே ஏற்றுவர். குறைந்த வேளையில் அந்நீரையே இறக்கி மின்சாரம் எடுப்பர். அதன் திறன் 400 மெகாவாட். ஏற்றும்போது செலவாகும் ஆற்றல் முழுவதும் மீண்டு வாராது. எனினும் பெரும்பகுதி மீளும். நீலமலைக் குந்தாவிலும் 500 மெகாவாட் அளவில் இத்தகைய பணி மேற்கொள்ளப்பட்டது. குந்தாவின் பழைய நீர்மின் நிலையங்கள் கனடா நாட்டின் உதவியோடு எழுந்தவை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. நம் உப்பள மக்கள் மழைக் காலத்தை எண்ணி உப்பைக் குவித்து ஓலை வேய்ந்து காப்பது போன்றதே இச்சேமிப்பும்.

இப்போது கருத்துக் கடலின்பால் சென்றுள்ளது. நிலத்தினும் கடல்மீது காற்று தடையின்றி வீசும். தென்மார்க்கு நாட்டினர் 1991-ஆம் ஆண்டிலேயே விண்டபி என்னுமிடத்தில் கடலுக்குள் பதினொரு காற்றாடிகளை நட்டனர். பின்னர் கோபன்ஹேகன் நகரத்துக்கு எதிரே, கரையிலிருந்து காணும் தொலைவில், இருபது காற்றாடிகளை அமைத்தபோது, அவற்றில் பாதி அந்நகரத்து மக்கள் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்கு சேர்த்த கூட்டுறவுச் சங்கத்திற்கு உரியதாயிற்று. நமக்கு எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார்த் தீவில், 2020-ஆம் ஆண்டின் இறுதியில் முப்பது காற்றாடிகளைக் கொண்ட நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அது தரைமேல் அமைந்தது. வலசை வரும் பறவைகளின் வழியில் அக்காற்றாடிகள் நிற்பது பற்றி அங்கே கவலை தெரிவித்தோர் உளர். இந்திய அரசு 2024-ஆம் ஆண்டில் குசராத்துக் கடலிலும் தமிழ்நாட்டுக் கடலிலும் 500 மெகாவாட் வீதம் காற்றாலைகள் அமைக்க நிதியுதவி செய்ய இசைந்தது. தமிழ்நாட்டில் அதற்கெனக் கருதப்படுவது மன்னார் வளைகுடாப் பகுதி.

மன்னார் வளைகுடாவுக்கு வடக்கே, இராமேசுவரம் தீவுக்கு அப்பால் உள்ளது நம் பாக்கு நீரிணை. கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் என்னும் துறைகளிலிருந்து விசைப்படகுகளும், மீமிசல் கரையிலிருந்து நாட்டுப்படகுகளும் அந்நீரிலேதான் வலை வீசுகின்றன. காற்றாடியின் அடித்தூணுக்கு எத்துணை அருகில் வலை இழுக்கலாம், கடலடியில் கம்பி பதிக்கும் நாட்களில் தொழிலுக்குச் செல்ல இயலாதவர்க்கு யார் ஈடு செய்வார், தூண்களின் நிழலில் மீன் பெருகுமா விலகுமா, மின்சாரத்தில் கரையூர்க்கு ஒரு பங்கு உண்டா என்பவை, அத்தகைய பணி எக்கடலில் எழுந்தாலும் தூண் நடுவதற்கு முன்னரே மீனவரோடு அமர்ந்து பேசி எழுத்தில் முடிக்க வேண்டிய வினாக்கள்.